நாற்பது சதவீதம் எதிலிருந்து கழிகிறது?

கேள்வி: ஐயா, நான் குடியாத்தத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வரும் தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அவள் காதுக்கு ஏழு கல் வைரத்தோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அதற்கென்றே சீட்டு கட்டி 1,15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் புடவை எடுக்க வேலூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். அங்கே மூன்றாவது மாடியில் நகைப் பிரிவு. ‘ஆடித் தள்ளுபடி, வைரத்துக்கு 40 சதவீதம்’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரு தோடு மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் எழுதிக் கொடுத்த விலைச் சீட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் அம்மா வழக்கமாக வாங்கும் லாங் பஜார் கடையிலும் அதே அளவு தோட்டுக்கு விலை கேட்டோம். அங்கே தள்ளுபடி எதுவும் இல்லை. அந்தச் சீட்டையும் இத்துடன் வைத்து அனுப்பியிருக்கிறேன். 40 சதவீதத்தை விடக் கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர். அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவும் என்பது அவர் எண்ணம். அம்மா எனக்குக் கொடுத்த பழைய ஏழு கல் தோடு ஒரு ஜோடி இருக்கிறது. ‘ப்ளூ ஜாகர்’ என்று அம்மா சொல்வார். அதைக் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும் விலை போட்டுக் கழித்துக்கொள்வதாக ஜவுளிக்கடையில் சொன்னார்கள். தள்ளுபடி முடிய ஐந்து நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு சீட்டையும் சேர்த்து அனுப்பினீர்களே, அது நல்ல காரியம். கையில் சீட்டு இருப்பதால்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தோட்டை இந்த ஐந்து நாளில் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை உண்டு. வேலூரில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் இன்றைய கிராம் விலை பலகையில் இருக்கும். பக்கத்துக் கடையிலும் கிட்டத்தட்ட அதே விலைதான். அதனால் தங்கத்தில் ஒருவர் 40 சதவீதம் தள்ளுபடி என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட நம்பாது. வைரத்துக்கு அப்படி ஒரு பலகை கிடையாது. கேரட்டுக்கு இவ்வளவு என்று அந்தந்தக் கடை தானே விலை வைத்துக்கொள்கிறது. அந்த விலையிலிருந்துதான் 40 சதவீதம் கழிகிறது. எனவே எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பதைவிட, கழித்த பிறகு கேரட் என்ன விலை விழுகிறது, அந்த விலைக்கு என்ன தரத்துக் கல் கிடைக்கிறது என்று கேட்பதுதான் உங்களுக்கு உதவும்.

ஜவுளிக்கடைச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 4.340 கிராம், நிகரத் தங்கம் 4.200 கிராம், 14 கல், வைர எடை 0.70 கேரட். தங்கம் 18 கேரட், கிராம் 10,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். (தங்கத்தில் கேரட் என்பது சுத்தம், வைரத்தில் கேரட் என்பது எடை. ஒரே சொல் என்பதால் பலரும் இங்கே குழம்பிவிடுகிறார்கள். வைரத்தில் ஒரு கேரட் என்றால் 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட்.) உங்கள் சீட்டில் 0.70 கேரட், அதாவது 0.140 கிராம், மொத்த எடையிலிருந்து ஒழுங்காகக் கழிக்கப்பட்டிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கல் எடையைக் கழிக்காமல் முழு எடைக்கும் தங்க விலை போட்ட சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கடை அதைச் செய்யவில்லை.

தங்கத்துக்கு 42,000. செய்கூலி, சேதாரம் சேர்த்து 20 சதவீதம், அது 8,400. வைரம் கேரட் 1,40,000 வீதம் 98,000. அதில் 40 சதவீதம் போக 58,800. கூட்டினால் 1,09,200. ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்த்து 1,12,476 ரூபாய். தள்ளுபடி இல்லாவிட்டால் வரிக்கு முன் 1,48,400 ஆகியிருக்கும். குறைந்தது 39,200. அதாவது மொத்த நகையில் உங்களுக்குக் கிடைப்பது 26 சதவீதத்தை ஒட்டிய தள்ளுபடிதான். தங்கத்துக்கும் செய்கூலிக்கும் தள்ளுபடி இல்லை என்று சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள். அதனால் இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது கேரட் விலைக்கு வாருங்கள். 1,40,000-இல் 40 சதவீதம் போனால் 84,000. இதே கடை கேரட் 1,20,000 என்று எழுதி 30 சதவீதம் கழித்தாலும் 84,000தான். 1,00,000 என்று எழுதி 16 சதவீதம் கழித்தாலும் அதே 84,000தான். நீங்கள் கொடுக்கும் பணம் ஒன்றுதான், பலகையில் இருக்கும் எண் மட்டும் மாறும். இந்த 84,000 ரூபாயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லாங் பஜார் சீட்டில் வைரம் கேரட் 90,000. தள்ளுபடி இல்லை. செய்கூலி 12 சதவீதம். அதே எடைக்குக் கணக்குப் போட்டால் தங்கம் 42,000, செய்கூலி 5,040, வைரம் 63,000. மொத்தம் 1,10,040. வரி சேர்த்து 1,13,341 ரூபாய். இரண்டு கடைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 865 ரூபாய்!

அந்த 865 ரூபாய்க்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்பது சீட்டில் தரம் எழுதியிருக்கும் வரியில் இருக்கிறது. ஜவுளிக்கடைச் சீட்டில் ‘ஜிஎச் – எஸ்ஐ’. லாங் பஜார் சீட்டில் ‘இஎஃப் – விவிஎஸ்’. முதல் பாதி நிறம். ஆங்கில எழுத்தில் டி-யில் தொடங்கி இசட் வரை போகும். டி, இ, எஃப் மூன்றும் நிறமே இல்லாத வெள்ளை. ஜி முதல் ஜே வரை லேசான மஞ்சள் சாயல், பக்கத்தில் வெள்ளைக் கல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கப்புறம் மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். இரண்டாம் பாதி கல்லின் உள்சுத்தம். விவிஎஸ் என்றால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தாலும் உள்ளே இருக்கும் குறையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். விஎஸ் அதற்கு அடுத்த படி. எஸ்ஐ என்றால் லென்ஸில் பார்த்தவுடன் பழகிய கண்ணுக்கு ரேகையோ புள்ளியோ தெரிந்துவிடும்.

ஐந்து சென்ட் கல்லில் எஸ்ஐ-க்கும் விவிஎஸ்-க்கும் உள்ள வித்தியாசம் மகள் காதில் போட்டிருக்கும்போது எதிரே நிற்பவருக்குத் தெரியாது. கல் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் அதை வெட்டிய விதத்தைப் பொறுத்தது. எனவே விவிஎஸ் என்ற சொல்லுக்காக மட்டும் யாராவது இருபதாயிரம், முப்பதாயிரம் கூடக் கேட்டால், விஎஸ் போதும் என்றுதான் சொல்வேன். உங்கள் விஷயத்தில் 865 ரூபாயில் நிறத்திலும் சுத்தத்திலும் மேல்படிக் கல் கிடைக்கிறது. நாளைக்கு மாற்றப் போனாலும் அந்தத் தரத்துக்குத்தான் விலை பேசுவார்கள். இன்னொன்றும் உண்டு. எஸ்ஐ கல்லில் உள்ளே கரும்புள்ளி இருக்க வாய்ப்பு அதிகம். கரும்புள்ளிக் கல்லைத் தோஷம் என்று நம் வீடுகளில் ஒதுக்குவார்கள். அந்த நம்பிக்கையோடு நான் வாதம் செய்ய மாட்டேன். கல்யாணத்துக்குப் போடும் நகையில் சம்பந்தி வீட்டுப் பாட்டி ஒருவர் லென்ஸ் கேட்டால் உங்கள் மகளுக்கு மனக்கஷ்டம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்னதால் ஜவுளிக்கடையில் வைரமே வாங்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்யும் பெரிய கடைகளுக்கு உண்மையிலேயே விலை குறைக்க முடியும். நாளைக்கே போய், இதே மாடலில் இஎஃப் – விவிஎஸ் இருக்கிறதா, தள்ளுபடி போக கேரட் என்ன விலை என்று கேளுங்கள். 90,000-க்குக் கீழே சொன்னால் யோசிக்கலாம். செய்கூலியையும் பேசுங்கள். 20 சதவீதத்தை 12 ஆக்கினால் வரியோடு 3,460 ரூபாய் குறையும். தள்ளுபடிப் பலகை இருக்கும் இடத்தில் பேரம் பேசக் கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செய்கூலி எப்போதும் பேசக்கூடியதுதான். குறைப்பதற்குப் பதிலாக ஐயாயிரம் ரூபாய்க்கு ஜவுளிக் கூப்பன் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கூப்பனுக்காக இன்னும் பத்தாயிரத்துக்குத் துணி எடுக்க வேண்டிவரும்.

கல் எடையையும் அளவால் சரிபார்க்கலாம். பதித்த கல்லைத் தராசில் வைக்க முடியாது, ஆனால் குறுக்களவைப் பார்க்க முடியும். வட்டமாக வெட்டிய ஐந்து சென்ட் வைரம் சுமார் 2.4 மில்லிமீட்டர் இருக்கும். 2.2 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் அது நான்கு சென்ட்டை ஒட்டிய கல். அப்போது 14 கல்லும் சேர்ந்து 0.70 வராது, 0.56தான் வரும். அந்தக் குறையும் 0.14 கேரட்டுக்கு, 84,000 வீதம், 11,760 ரூபாய். கண்ணுக்கே பிடிபடாத வித்தியாசத்தில் இவ்வளவு பணம் இருக்கிறது. நகைக்கடைகளில் அளவுகோல் வைத்திருப்பார்கள். நடுக்கல், சுற்றுக்கல் இரண்டையும் உங்கள் எதிரிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

வெளிச்சத்தையும் மறக்காதீர்கள். ஷோரூம் கூரையில் வரிசையாக எரியும் விளக்குகள் கண்ணாடிக் கல்லைக்கூட மின்ன வைக்கும். அங்கே வைரத்தின் நிறம் தெரியாது. தோட்டை வாங்கி ஜன்னல் பக்கம் போங்கள், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து அதன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு தோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏதாவது ஒரு கல் மட்டும் மங்கியோ மஞ்சளித்தோ இருக்கிறதா என்று கவனியுங்கள். மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லை என்றால் விற்பனையாளரோடு கீழே வாசலுக்கு வந்து பாருங்கள். நல்ல கடை மறுக்காது.

இரண்டு சீட்டிலும் ‘வைரம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று இல்லை. இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆய்வகத்தில் வளர்ப்பதும் வைரம்தான், அதே கார்பன், அதே கடினம். 2023-இல் பிரதமர் மோடி அமெரிக்கா போனபோது ஜில் பைடனுக்குப் பரிசாகக் கொடுத்த 7.5 கேரட் கல்லும் அப்படி வளர்த்ததுதான். அதைப் போட்டுக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அதன் விலை இயற்கை வைரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான், திருப்பி விற்கப் போனால் கேட்க ஆள் இருக்காது. இயற்கை வைரத்தின் விலை கொடுத்து அதை வாங்கிவிடக் கூடாது. கடையில் ஒரு பேனா மாதிரிக் கருவியைக் கல்லில் வைத்து, பீப் சத்தம் வந்ததும் ‘பாருங்கம்மா, வைரம்’ என்பார்கள். அந்தக் கருவி வெப்பம் கடத்துவதை அளக்கிறது. இயற்கை, ஆய்வகம் இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும். மோய்சனைட் என்ற வேறொரு கல்லிலும் பல கருவிகள் அதே சத்தம் போடும். அமெரிக்கன் டைமண்ட் என்ற போலிக் கல்லைத்தான் அது வைரம் இல்லை என்று தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவு சின்னக் கல்லில் இயற்கையா, ஆய்வகமா என்பதை வெறும் கண்ணாலோ லென்ஸாலோ என்னாலும் சொல்ல முடியாது, அதற்கென்று இருக்கும் இயந்திரம் வேண்டும். அதனால் பில்லில் ‘இயற்கை வைரம்’ என்ற சொல், 14 கல், 0.70 கேரட், நிறம், சுத்தம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தரச்சான்று அட்டை தருவார்கள். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சின்னக் கல் நகையில் அந்த அட்டை பெரும்பாலும் மொத்தத் தோட்டுக்கும் ஒரே வரியில் இருக்கும், ஒவ்வொரு கல்லுக்கும் இருக்காது. பில்லுக்கு அது துணை, அவ்வளவே.

ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், வைரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 18 கேரட்டுக்கான 18கே750 என்ற குறி, ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யூஐடி என்ற தனி அடையாள எண், மூன்றும் தோட்டின் பின்பக்கம் இருக்க வேண்டும். 2 கிராமுக்குக் கீழே உள்ள நகைக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் தோடு ஒற்றைக்கே 2 கிராமுக்கு மேல் வருகிறது. பிஐஎஸ் கேர் செயலியை மகளின் போனில் ஏற்றி, கடையில் நிற்கும்போதே அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் அடகு யோசனைக்கு வருகிறேன். வங்கிக்கு நகை மதிப்பிடுவது என் அன்றாட வேலை என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அடகுக்கு வரும் நகையில் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு எழுதுவோம். ரிசர்வ் வங்கி விதியும் அப்படித்தான். தங்கக் கடனில் கல்லுக்கு மதிப்பு சேர்க்கக் கூடாது. 1,12,476 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கும் தோட்டில் என் கணக்குக்கு வருவது 4.200 கிராம் 18 கேரட் தங்கம் மட்டும்தான். இன்றைய கணக்கில் 42,000 ரூபாய்ப் பொருள். கடன் அதிலும் ஒரு பங்குதான் கிடைக்கும். மனைவியின் வைர நகையை மருத்துவமனைச் செலவுக்காக என் மேஜையில் வைத்துவிட்டு, நான் சொன்ன தொகையைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிஎம்சி இருக்கும் ஊரில் இது அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். வைரம் ஆசைக்கும் அழகுக்கும் வாங்குவது. அவசரத்துக்கு உதவ வேண்டும் என்றால் கல் இல்லாத 22 கேரட் வளையலோ காசோ தனியாக வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ‘வைரத்துக்கு 100 சதவீதம் எக்ஸ்சேஞ்ச்’ என்பார்கள். நூறு என்றால் எதில் நூறு? 98,000-இலா, நீங்கள் கொடுத்த 58,800-இலா? பணமாகத் தருவார்களா, வேறு நகைதான் எடுக்க வேண்டுமா? தள்ளுபடியில் வாங்கியதற்கும் இது பொருந்துமா? மூன்று கேள்விக்கும் வாய்ப் பதில் வேண்டாம். ஜவுளிக்கடைக்குள் இருக்கும் நகைப் பிரிவு சில இடங்களில் வேறு நிறுவனம் வாடகைக்கு எடுத்து நடத்துவதாக இருக்கும். பில் யார் பெயரில் வருகிறது, ஜிஎஸ்டி எண் யாருடையது என்று பாருங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கல் உதிர்ந்தால் அந்தப் பெயருக்கு உரியவரைத்தான் நீங்கள் தேடிப் போக வேண்டும்.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று பின்னால் தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. பில் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. ‘பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்’ என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அம்மாவின் தோட்டுக்கு வருவோம். நீங்கள் கடிதத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு என்னவோ இந்த விஷயத்தில் அதுதான் பெரிய பொருளாகப் படுகிறது.

ப்ளூ ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. லேசான நீலம் ஓடும் அந்தச் சுரங்கத்து வெள்ளைக் கல்லுக்குத் தமிழ்நாட்டில் தனி மதிப்பு. சுரங்கம் மூடி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வெயிலில் நீலம் காட்டும் எந்த நல்ல கல்லையும் அந்தப் பெயரில் சொல்லும் வழக்கமும் உண்டு. எனவே அம்மாவின் கல் அந்தச் சுரங்கத்திலிருந்தே வந்ததா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஏழு கல் தோடு வாங்கியவர்கள் சாதாரணமாக வாங்கியிருக்க மாட்டார்கள். கடைக்காரர் பொட்டலத்தில் கல்லைக் கொடுத்தனுப்புவார். பூஜையில் வைத்து, சில நாள் பார்த்து, வீட்டில் நல்லபடியாக இருக்கிறது என்று மனது ஒத்துக்கொண்ட பிறகுதான் கட்டக் கொடுப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஆரணியிலிருந்து ஒரு அம்மா இதே மாதிரி ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடிய பழைய கட்டு. கல் சாம்பல் நிறத்தில், செத்துப்போன மாதிரி இருந்தது. ஒரு கடையில் ‘கல்லுக்கு மதிப்பில்லை’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெரிந்த பத்தரிடம் கூட்டிப் போய் எங்கள் எதிரிலேயே பின்தகட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே நாற்பது வருட எண்ணெயும் பவுடரும் மெழுகு மாதிரி அப்பியிருந்தது. பூந்திக்கொட்டை ஊறவைத்த வெந்நீரில் கல்லைப் போட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்து, துணியில் ஒற்றி, கறுப்பு வெல்வெட் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். பதினான்கும் வைரம். லென்ஸில் பார்த்தால் கல்லின் அடிமுனை கூராக இல்லாமல் சின்னத் தட்டையாக வெட்டியிருந்தது. மேலிருந்து பார்க்க நடுவில் குட்டித் துளை மாதிரி தெரியும். பழைய கட்டிங்குக்கு அது அடையாளம். அந்த அம்மா எதுவும் பேசவில்லை, கல்லை எண்ணிக்கொண்டே இருந்தார்.

உங்கள் அம்மாவின் தோட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கல் ஓரம் உடைந்திருக்கலாம். ஒன்றிரண்டு வேறு வெள்ளைக் கல்லாகவும் இருக்கலாம், இடையில் உதிர்ந்து மாற்றியிருப்பார்கள். திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தங்கத்துக்கு மட்டும் விலை போட்டுக் கல்லையும் சேர்த்துக் கேட்பவரிடம் அதைக் கொடுத்துவிடுவது உங்கள் கல்லைச் சும்மா கொடுப்பதாகும். அவர்கள் கல்லுக்கு விலை தராவிட்டால் போகட்டும், கல்லைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாமே.

என் யோசனை இது. இந்த வாரம் எந்தத் தோட்டுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். முதலில் அம்மாவின் தோட்டை உங்களுக்கு நம்பிக்கையான கடைக்கோ பத்தரிடமோ எடுத்துப் போய்த் திறந்து பாருங்கள். நீங்கள் எதிரில் இருக்க வேண்டும். திறக்கும் முன் தோட்டின் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை எண்ணி, கேரட் தராசில் நிறுத்து, எண்ணிக்கையும் எடையும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். கல் நன்றாக இருந்தால் மகள் ஆசைப்பட்ட அதே மாடலில் புதுத் தங்கத்தில், பின்பக்கம் திறந்த கட்டாகப் பதிக்கச் சொல்லலாம். அதற்குத் தங்கமும் கூலியும் வரியும் சேர்த்து, இன்றைய விலையில், லாங் பஜார் செய்கூலிக் கணக்குப்படி 50,000 ரூபாய்க்குள் வரும். அம்மா தோட்டின் பழைய தங்கத்தைக் கழித்தால் இன்னும் குறையும். மீதி அறுபது ஆயிரத்துக்கு மேல் கையில் நிற்கும். அதில் உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது போல அவசரத்துக்கு உதவும் 22 கேரட் நகையாக மகளுக்கு ஒன்று வாங்கலாம். கல் சரியில்லை என்று தெரிந்தால் லாங் பஜார் தோட்டையே எடுங்கள், ஜவுளிக்கடை அதைவிட நல்ல கேரட் விலை சொல்லாதவரை.

ஐந்து நாள் கெடுவை நினைத்துப் பதற வேண்டாம். ஆடி போனால் தீபாவளி வரும், கல்யாணம் தையில்தான். பத்தருக்கு வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். முகூர்த்த மாதம் நெருங்கினால் அவர்களுக்கும் கைநிறைய வேலை வந்துவிடும். அதனால் ஆவணிக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

தோடு தயாராகி வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு திருகையும் நான்கைந்து முறை கழற்றிப் பூட்டிப் பார்க்கட்டும். மரை வழுக்கினாலோ பாதியில் நின்றாலோ அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். காதில் போட்டு ஒரு தடவை தலையை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, கல் ஏதும் அசைகிறதா என்று காதுப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் தட்டிக் கேட்டுவிட்டு, அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.